பாதியில் நின்ற ஐந்து போர்வைகள்

அஞ்சம்மாளுக்குப் பக்கவாதம் வந்தபோது அவள் கையில் கத்தரிக்கோல் இருந்தது. மாசி மாதம், காலை பத்து மணி. மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டிவிட்டுச் சாப்பிட வந்த கண்ணையன், துணித்துண்டுகளின் மேல் ஒருக்களித்துக் கிடந்த மனைவியைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தார்கள். உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் வரவில்லை. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "வாணாம்." கஞ்சிக்கு வாயைத் திறந்துகொண்டே "வாணாம்" என்பாள். நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு என்று அவளுக்கே தெரியும். உடனே கண் நிறைந்துவிடும்.

அவர்கள் ஊர் விக்கிரவாண்டி டோல்கேட்டிலிருந்து நாலு மைல் உள்ளே. இரண்டு ஏக்கர் சொந்த நிலம். வீட்டுச் செலவுக்காக அஞ்சம்மாள் பன்னிரண்டு வருஷம் திண்டிவனத்தில் ஒரு துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கே வெட்டி மிஞ்சும் துண்டுகளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவருவாள். அவற்றைச் சதுரமாக நறுக்கி ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் பழைய புடவை, அடியில் வேட்டி வைத்துக் கையாலேயே தைத்தால் ஒட்டுப்போர்வை. ஒன்று முடிவதற்குள் புதுத் துணி வந்துவிடும், அடுத்ததை ஆரம்பித்துவிடுவாள். அப்படி ஐந்து போர்வைகள் பாதியில் நின்றன. பரணில் நாலு மூட்டைத் துணி சேர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளிலிருந்து அவள் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தாள். விடாமல் தட்டினாள்.

"இன்னா வோணும்? தண்ணியா? ஃபேனு போடவா? பொண்ணு சங்கவிய வரச் சொல்லவா?"

"வாணாம். வாணாம்." தட்டுவது நிற்கவில்லை. இரண்டு நாள் சோற்றைத் துப்பினாள். கண்ணையன் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். "எனக்குப் புரிய மாட்டேங்குதே, நான் இன்னா பண்ணுவேன்!" அப்போதுதான் அவள் பார்வை பரணில் நிற்பதைக் கவனித்தார். மூட்டைகளை இறக்கிக் கட்டிலருகே வைத்தார். தட்டுவது நின்றது.

அன்றே ஒரு போர்வையை எடுத்துத் தானே தைக்க உட்கார்ந்தார். அறுபத்தொரு வயதுவரை கலப்பையும் மண்வெட்டியும் பிடித்த கை. ஊசியில் நூல் கோக்கவே கால்மணி நேரம் ஆகும். விரல் நுனியெல்லாம் குத்து. எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது வரவேண்டும் என்று ஒவ்வொன்றாக அவள் முன் காட்டுவார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும். ஆனால் சிலதற்கு அவள் முகம் சுளிக்கும், சிலதற்குச் சுளிக்காது. அந்தச் சுளிப்பைப் பார்த்துப் பார்த்துத் தைத்தார்.

தைக்கத் தைக்க அவருக்குள் ஒரு நம்பிக்கை வேர்விட்டது. இந்தப் போர்வை முடிகிற நாளில் அஞ்சம்மாளுக்குப் பேச்சு வந்துவிடும். யாரும் இதை அவருக்குச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதெல்லாம் மாத்திரையும் காலுக்குப் பயிற்சியும்தான். கோயிலில் வேண்டிக்கொண்டதும் இல்லை. தானே நினைத்து, தானே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பங்குனியில் மல்லாட்டை விளைந்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் விருத்தாசலம் இரண்டு முறை வந்து எச்சரித்தார். "ஈரம் காயறதுக்குள்ள புடுங்குய்யா. தரை இறுகிப் போச்சின்னா காய் பூரா மண்ணுலயே நின்னுடும்."

"இன்னும் பாதி வரிசை இருக்குதுய்யா. முடிச்சிட்டு வர்றேன்."

விருத்தாசலத்துக்கு அவர் எதைச் சொல்கிறார் என்றே விளங்கவில்லை. சித்திரையில் ஆள் விட்டுப் பிடுங்கியபோது செடி தனியாக வந்தது, பாதிக் காய் மண்ணிலேயே நின்றது. கண்ணையன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஊசியை எடுத்தார்.

ஆனி மாதக் கடைசியில், ஒரு மத்தியானம், கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் அறுத்தார். போர்வையை அவள் மேல் விரித்து, முகத்துக்கு நேரே குனிந்தார்.

"அஞ்சு, முடிஞ்சிருச்சி. ஏதாவது சொல்லு. என் பேரச் சொல்லு, போதும்."

அவள் போர்வையைத் தடவினாள். அவரைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு வெகுநேரம் முயன்றது.

"வாணாம்."

கண்ணையன் போர்வையை உருவி வாசலில் வீசினார். "வாணாமா? நாலு மாசம் கண்ணு அவிய ஒக்காந்தேனே! வெள்ளாமையே பூட்சி! வாணாம்னா சாவு!" முப்பத்தைந்து வருஷத்தில் அவளை அப்படிச் சொன்னதில்லை. சொன்ன சொல் காதில் விழுந்ததும் அங்கே நிற்க முடியாமல் நடந்தார்.

ஹைவேயை எட்டி, டோல்கேட் தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எதிலாவது ஏறிப் போய்விடலாம் என்று நினைத்தார். எதன் சக்கரத்திலாவது விழுந்துவிடலாம் என்றும் நினைத்தார். மழை பிடித்தது. திண்டிவனத்தில் வாழும் மகள் சங்கவிக்கு போன் போட்டார்.

"என்னால ஆவலம்மா. சாவுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அம்மாகூட யாருப்பா கீறாங்க?"

அவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்.

"மழ பெய்யுது. ஜல்தியா வூட்டுக்குப் போப்பா. நான் காலைல வர்றேன்."

அவர் திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. அஞ்சம்மாள் வாசற்படிக்கு வெளியே பாதி உடம்பு சேற்றில் கிடந்தாள். கட்டிலிலிருந்து விழுந்து, ஒற்றைக் கையால் இழுத்து இழுத்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். நனைந்து கனத்த போர்வையின் ஒரு முனை அவள் இடது கையில், இன்னொரு மடிப்பு பல்லுக்கு நடுவே. அதை உள்ளே இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணையன் சேற்றிலேயே உட்கார்ந்து அவளை மடியில் வாரிப்போட்டுக்கொண்டார். அவள் இடது கையை மடக்கி அவர் நெஞ்சில் குத்தினாள். மறுபடியும் குத்தினாள்.

"அடி. இன்னும் அடி," என்றார். இருவரும் சத்தம் போட்டு அழுதார்கள்.

காலையில் முதல் பஸ்ஸில் சங்கவி வந்தாள். அம்மாவைத் திண்டிவனத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவது என்ற முடிவோடுதான் வந்தாள்.

"அம்மா, எங்கூட வந்துடு. அப்பாவால முடியல."

"வாணாம்."

அது நிஜ வேண்டாமா, வாயில் வந்த வேண்டாமா என்று மகளுக்குத் தெரியவில்லை. "கையால காட்டும்மா," என்றாள். அஞ்சம்மாள் இடது கையை நீட்டித் துணி மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அதில் குத்தியிருந்த ஊசியைத் தொட்டுத் தன் மார்பைத் தொட்டாள்.

"நீயே தைக்கிறியா?"

அவள் தலை ஆடியது.

துணி காயப்போடும் கிளிப்புகளை எடுத்துவந்து, இரண்டாவது போர்வையைக் கட்டில் சட்டத்தில் இறுக்கமாக மாட்டினாள் சங்கவி. கண்ணையன் நூல் கோத்துக் கொடுத்தார். அஞ்சம்மாள் இடது கையால் குத்தினாள். முதல் நாள் ஆறு தையல். ஆறும் கோணல். அன்று அவள் கஞ்சி முழுவதையும் குடித்தாள்.

நிலத்தை இந்த வருஷம் விருத்தாசலம்தான் பார்த்துக்கொள்கிறார். இரண்டாவது போர்வை ஐப்பசியில் முடிந்தது, மூன்றாவது தை மாதம். ஒவ்வொன்றும் முடிகிற நேரத்தில் கண்ணையன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கக் கூடாது என்றுதான் நினைப்பார், முடிவதில்லை. பேச்சு வரவில்லை. ஒரு மூட்டைத் துணி கரைந்திருக்கிறது, மூன்று மூட்டை இருக்கிறது.

நாலாவது போர்வையில் கடைசி வரிசை மட்டும் பாக்கி. அஞ்சம்மாள் ஊசிக்காகக் கையை நீட்டியபடி இருக்கிறாள். கண்ணையன் கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு, நூலை மெதுவாகக் கோக்கிறார்.