கூப்பிட்டால் ஓடிவந்த மயில்

என் தம்பி பெண்டாட்டி புவனாவுக்கு வாய் ஓயாது. மாட்டோடு பேசுவாள், தென்னையோடு பேசுவாள், பொங்குகிற பாலை அதட்டுவாள். "கொஞ்ச நேரம் சும்மா இரு அம்மணி, காது வலிக்குது" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அந்த வாயே அவளுக்கு வினையாகிப் போனது.

தொண்டாமுத்தூரில் என் தோட்டத்துக்கும் அவர்கள் தோட்டத்துக்கும் நடுவே ஒரு வேலிதான். போன வருஷம் சோளத்தட்டு அறுத்தபோது மெஷினில் ஒரு பெண்மயில் அடிபட்டுச் செத்தது. முட்டைகள் சூடு ஆறாமல் கிடந்தன. தக்காளியைக் கொத்திப் பாழாக்குகிற சனியன், போனால் போகட்டும் என்றேன். இவளா கேட்பாள்? முட்டைகளை முந்தானையில் ஏந்தி வந்து அடைக்கோழிக்கு அடியில் வைத்துவிட்டாள். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். வனத்துறைக்காரரும் வந்து பார்த்து, "பொரிச்சா வளத்தி மலையடிவாரத்துல உட்டுருங்க" என்றார்.

ஒரே ஒரு குஞ்சுதான் பிழைத்தது. சாயங்காலம் கம்பை இறைத்து "பா... பா... பா..." என்று புவனா கூப்பிட்டால், கோழிகளோடு அதுவும் ஓடிவரும். அவளுக்குப் பெருமை தாங்காது. இறக்கை முற்றியதும் அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டாள்.

சில வாரம் போயிருக்கும். அடிவாரத்துத் தோட்டத்து ராமாத்தாள் ஒரு சாக்கோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, இது நீங்க உட்ட மயிலுங்களா? நாங் கோழியத்தானுங்க கூப்புட்டேன். இதும் ஓடியாந்துச்சு. நாயி கவ்விப்போட்டுதுங்க."

யாரைத் திட்டுவது? எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரையாவது அறையலாம் போலிருந்தது. புவனா சாக்கை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள்.

இந்த வருஷம் வனத்துறைக்காரரே தாயில்லாத ஒரு மயில்குஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தார். மோட்டார் ரூமில் பல்பு போட்டு வைத்தாள். கோழியை அண்ட விடவில்லை. தம்பியின் பழைய சட்டையை மாட்டி, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உள்ளே போவாள். தீனிக்குக் கறையானைக் கொட்டிவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே வருவாள்.

"கிறுக்குப் புடிச்சுப்போச்சா உனக்கு?" என்றேன்.

"நாம் பேசுனா அது செத்துப்போயிருமுங்க நங்கையா."

நாத்தனார் என்று என்னிடம் எதிர்த்துப் பேசாதவள் அவள். அன்று என் வாயையும் பொத்தினாள்.

விடுகிற நாளில் நானும் கூடப் போனேன். கூடையைத் திறந்ததுதான் தாமதம், எங்களைப் பார்த்து மிரண்டு புதருக்குள் பாய்ந்துவிட்டது.

"தப்பிச்சுக்கிச்சு. இனி எதுக்குடி அழுவற?"

"எங்கொரலே அதுக்குத் தெரியாதுங்க நங்கையா."

பாவி, வளர்த்ததெல்லாம் அவள்தானே!

இப்போது வேலியோரம் எந்த மயில் வந்து நின்றாலும் மண்கட்டியை எடுத்து எறிகிறாள். அது அலறிக்கொண்டு ஓடும். கண்ணுக்கு மறையும்வரை எறிந்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அழுகிறாள்.