கரியால் எழுதிய சட்டம்

இன்று காலை, எதையெல்லாம் தொட்டாளோ என்ற பயத்தில் மகளின் விரல்களில் ஒட்டியிருந்த அடுப்புக்கரியைத் தேய்த்துக் கழுவும்போது, அந்த மணம் என்னைப் புங்குடுதீவில் எங்கள் வீட்டு வளவுக்குப் பக்கத்தில் இருந்த ஆளில்லாத வீட்டுக்குக் கொண்டுபோனது. சொந்தக்காரர் வெளிநாடு போய், கூரையும் விழுந்துவிட்ட வீடு. இப்போது அதையும் இடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் குடியரசு பற்றிப் படித்த கையோடு வாணி, தேவி, நான் மூவரும் அங்கே ஒரு குடியரசை நிறுவி, வௌவால் எச்சம் மணக்கும் அறையில், வெளியே பனையோலை சரசரத்துக்கொண்டிருக்க, சுவரில் கரியால் அரசியலமைப்பை எழுதினோம். முதல் சட்டம், யாரும் நாட்டை விட்டுப் போகக்கூடாது. அதைத் திருத்த மூன்றில் இரண்டு வாக்கு வேண்டும்.

சில மாதங்களில், கனடாவில் இருந்த வாணியின் தகப்பனார் அவளைத் தன்னிடம் எடுப்பித்தார்.

"சட்டத்தை மாத்துவமடி," என்று வாணி கெஞ்சிக்கொண்டே கையை உயர்த்தினாள். தேவியும் உயர்த்தினாள்.

"உன்ர விசயத்துக்கு நீயே வாக்குப் போடேலாது," என்றேன்.

"பெரிய நீதவான் வந்திட்டா! நீயும் கையைத் தூக்கனடி," என்றாள் தேவி.

நான் தூக்கவில்லை. எழுதியதை மதிக்கவேண்டும் என்று நினைத்தேனா, அவளைப் போகவிட மனமில்லையா, இன்றும் எனக்குத் தெரியவில்லை. பஸ் ஏறிய அன்று வாணி, குற்றம் செய்தவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு எங்களைப் பார்க்காமலே போனாள். நான் சம்மதித்திருந்தாலும் அவள் போய்த்தான் இருப்பாள். ஆனால் எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போயிருப்பாள்.