ரத்தினம்மாளும் ஐவரி கோஸ்ட் கொட்டையும்

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையை விட்டுச் செம்மண் பாதையில் இறங்கினால் சுப்பராயலுவின் முந்திரி ஷெட். அங்கே கொட்டை உடைக்கும் பெண்களுக்கு ரத்தினம்மாள் மேஸ்திரி. கல்யாணத்துக்கு முன்பே உடைக்கும் மெஷினில் உட்கார்ந்தவர். ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்துப்போனவர். பெண்கள் வேறு ஷெட்டுக்குப் போகாமல் இங்கே வருவது அவரை நம்பித்தான்.

வேலை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று அங்கே யாரும் முதலாளியைக் கேட்பதில்லை. அவித்த கொட்டையை ஆறுவதற்காகத் தரையில் கொட்டி வைப்பார்கள். உள்ளே நுழையும் பெண்கள் முதலில் அந்தத் தரையைப் பார்ப்பார்கள். குவியல் உயரமாக இருந்தால் தூக்குவாளியை ஆணியில் மாட்டிவிட்டு உட்காருவார்கள். தாழ்ந்திருந்தால் வேறு இடத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும்.

2011 தொடக்கத்தில், ஷெட்டுக்குக் கொட்டை அனுப்பும் ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டில் இரண்டு பேர் நானே ஜனாதிபதி என்று சண்டை போட்டார்கள். அந்தத் துறைமுகங்களுக்கு ஐரோப்பாக்காரர்கள் தடை போட, கப்பல் வரவில்லை. அந்த ஆண்டு உள்ளூர்க் கொட்டை இருந்ததால் பிழைத்தார்கள். டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்து முந்திரிக்காடுகளை வேரோடு சாய்த்துப் போட்டது. இனி வெளிநாட்டுக் கொட்டை மட்டும்தான்.

பிப்ரவரியில் ஒரு காலை சுப்பராயலு, ரத்தினம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தூத்துக்குடி புரோக்கர் போன் பண்ணான். ஐவரி கோஸ்ட் மேல போட்ட அவசரநிலைய அமெரிக்காக்காரன் இன்னும் ஒரு வருசத்துக்கு நீட்டிட்டானாம்."

"அப்ப கப்பலு?"

"போன வருசம் பாத்தல்ல? பொம்பளைங்களுக்குத் தெரிய வேணாம்."

அன்றைக்கே உத்திராபதியின் வேனும் வருவதாக இருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் சேர்க்கும் சிதம்பரத்துக்காரர் அவர். குமராட்சிப் பக்கம் ஆள் ஏற்றிக்கொண்டு இங்கே வருவார். ஏறிப்போனவர்கள் திரும்பி வருவதில்லை. பழகிய கைகள் போய்விட்டால் ஷெட்டைத் திறந்து வைத்தும் பயனில்லை. ரத்தினம்மாள் நேராக கொட்டை அவிக்கும் கொளஞ்சியிடம் போய் நின்றார்.

"மூட்டை எல்லாத்தியும் இப்பவே அவிச்சிடு."

"எல்லாத்தியுமா? தரையில பரப்ப எடம் ஏதுக்கா? மேல மேல கொட்டுனா வேர்த்துடும். எண்ணெ பருப்புல எறங்கிடும்."

"குவியலு ஒசரமாத் தெரியணும். கொட்டு."

மதியத்துக்குள் குவியல் ஜன்னலை மறைத்தது. வேன் வந்து ஹாரன் அடித்தபோது, இருசம்மாள்தான் வாசலுக்குப் போனாள். புயலில் கூரை பறந்து, தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளைகளோடு இருப்பவள்.

"எங்கக்கா மல மாதிரி குமிச்சி வெச்சிருக்குது. நீ அடுத்த வாரம் வந்து பாருய்யா" என்று அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு ரத்தினம்மாள் போகிற வருகிற போதெல்லாம் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே சூடு அப்படியே இருந்தது. கிளறிவிடச் சொல்லலாம், கிளறினால் குவியல் சரிந்து தாழ்ந்துவிடும்.

மேலாக இருந்ததை உடைத்து முடித்தபின் அடிக்கொட்டை மெஷினுக்கு வந்தது. இருசம்மாள் ஒரு பருப்பை எடுத்து நீட்டினாள். வெள்ளையாக இருக்க வேண்டியதில் கறுப்புப் புள்ளிகள்.

"என்னாக்கா இது, அம்ம போட்ட மாதிரி இருக்குது? கொளஞ்சி தூங்கிட்டானா?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கொளஞ்சி தலை நிமிரவில்லை.

"அவன் மேல தப்பில்ல. நான்தான் குமிக்கச் சொன்னேன்" என்றார் ரத்தினம்மாள். அமெரிக்கா அவசரநிலையை நீட்டியதையும் சொன்னார். "கப்பல் வருமா வராதான்னு எனக்குத் தெரியல. நீங்க வேன்ல ஏறிடக் கூடாதுன்னுதான் அப்படிப் பண்ணேன்."

"எங்களுக்குப் பொம்ம காட்டுனியாக்கா?" என்றாள் இருசம்மாள்.

அடுத்த வாரம் வேன் வந்தபோது ரத்தினம்மாள் யாரையும் தடுக்கவில்லை. பாதிப் பேர் ஏறினார்கள். இருசம்மாள் பிள்ளைகளோடு ஏறினாள்.

அதற்குப் பிறகுதான் சுப்பராயலு புரோக்கரிடம் விவரமாகக் கேட்டார். "அது வருசா வருசம் நீட்டறதுதாங்க. அந்த நாட்டு ஆளுங்க சில பேரு சொத்த அமெரிக்காக்காரன் மொடக்கி வெச்சிருக்கான். கொட்ட மூட்டைய யாரு தடுத்தா?" என்றாராம் அவர்.

பங்குனியில் ஐவரி கோஸ்ட் கொட்டை ஏற்றிய லாரி வந்தது. மூட்டைகள் கூரையைத் தொட்டன. பாதி மெஷின்களில் ஆள் இல்லை. ஒன்றில் ரத்தினம்மாளே உட்கார்ந்தார். மத்தியானம் கைக்கறையைத் துடைத்துவிட்டு, இருசம்மாளுக்குப் போன் போட்டார்.

"கொட்ட வந்துடுச்சி. வர்றியா?"

"புள்ளைங்கள இங்கியே ஸ்கூல்ல சேத்துட்டேன்க்கா. அமெரிக்காக்காரன் அடுத்த வருசமும் நீட்டுவானா?"

"நீட்டுவான்னுதான் சொல்றாங்க."

"அப்ப என்னா பண்ணுவ?"

"வந்த சேதிய வந்த அன்னைக்கே சொல்லிடுவேன்."

தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே மறுமுனையில் குரல் உயர்ந்தது. "பொங்கலுக்கு ஊருக்கு வரேன், அப்ப பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இருசம்மாள் போனை வைத்தாள்.