மேடத்தின் செருப்பும் ஒரு டயோடும்

என் மேசையில் உப்புப் பூத்த போர்டு ஒன்று கிடக்கிறது. இறால் குளத்து மோட்டாரை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர். அதைப் பார்த்தாலே என் இடது கால் விரல்கள் வலிக்கும்.

புக்கிட் ரோத்தானில் மேடத்தின் பட்டறையில் இத்தகைய போர்டுகளைத்தான் செய்துவந்தோம். மோட்டார் கிளம்பும்போது மின்சாரம் ஒரு கணம் தொய்யும், கம்ப்யூட்டர் மயங்கிவிடும். அதற்காகக் கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்க ஒரு கெப்பாசிட்டர், சேர்த்தது மோட்டார் பக்கம் திரும்பாதபடி ஒரு டயோடு. அவ்வளவுதான். அது தங்கள் காப்புரிமை, உடனே நிறுத்துங்கள் என்றார் ஒரு பெரிய கம்பெனியின் வக்கீல். நிறுத்தினால் பட்டறைக்குப் பூட்டு. நானோ, விற்ற போர்டுகளையெல்லாம் குளம் குளமாகப் போய்க் கழற்றிவந்து புதைத்துவிடலாம் என்று மண்வெட்டியே எடுத்துவிட்டேன்.

“இது யாருக்கும் தோணும் மேடம்!”

“நீ பாத்துட்டடா. பாத்தவனுக்கு எல்லாம் லேசுதான். பாக்காதவன கேக்கணும்லா. அவனுக்கும் தானா தோணுச்சுன்னா காப்புரிமை நிக்காது.”

சுங்கை ஆயர் தாவாரில் எங்கள் தொழிற்போட்டிக்காரர் இருந்தார். எங்கள் போர்டை ஏறிட்டும் பார்க்காதவர். அவரிடம் பிரச்சினையை மட்டும் சொன்னார் மேடம். விடையை மூச்சுவிடக் கூடாது என்று எனக்குக் கட்டளை.

“கம்ப்யூட்டருக்குத் தனி பவர் குடுத்துருங்க” என்றார் அவர். போச்சு!

“பெட்டில எடமில்லண்ணே” என்றார் மேடம்.

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். என் சட்டை நனைந்துவிட்டது. “அண்ணே, இப்ப பாருங்க...” என்று வாய் திறந்ததும் மேசைக்கடியில் மேடத்தின் செருப்பு என் விரல்களை நசுக்கியது. “கொசு” என்றேன், கண்ணில் நீரோடு.

அவர் மேசையில் சிந்தியிருந்த டீயில் விரலை நனைத்து ஒரு கோடு இழுத்தார். அதில் ஒரு முக்கோணம். டயோடு! அடுத்து கெப்பாசிட்டர்.

“தண்ணி ‘கட்’ ஆவும்னு தொட்டில புடிச்சி வைக்கிறோம்ல, அதே மாரிதான். நான் எப்பவோ போட்டுட்டேன். இதக் கேக்கவா வந்தீங்க? இவன் மூஞ்சப் பாருங்க மேடம், பேதி புடிச்சவனாட்டம்!”

உள்ளே போய்ப் பழைய பெட்டியிலிருந்து, இப்போது என் மேசையில் கிடக்கும் இந்த போர்டைக் கழற்றித் தந்தார். அந்தக் கம்பெனி காப்புரிமை கேட்பதற்கு வெகுமுன்பே அவர் செய்தது. அதைக் காட்டியதும் வக்கீல் அடங்கிவிட்டார்.

தொழில் தெரிந்தவருக்கு டீ ஆறுவதற்குள் தோன்றுவதற்கு எவரும் வேலி போடக் கூடாது என்று அன்று முதல் கண்டவரிடமெல்லாம் முழங்கிவந்தேன். மேடம் இறந்தபின் பட்டறை என் தலையில். போன வாரம் வேறொரு பிரச்சினைக்கு எனக்கே ஒரு விடை தோன்றியது. இந்த போர்டையும் தூக்கிக்கொண்டு அதே மனிதரிடம், அதே மேசைக்குப் போனேன். பிரச்சினையை மட்டும் சொன்னேன். டீ ஆறி ஆடை படிந்தது. அவர் விரல் அசையவில்லை.

“தெரியலடா. நீ எப்படிப் பண்ண?”

அவருக்கே தோன்றாததற்குக் காப்புரிமை கேட்கலாம்; ஆனால் கேட்கும்வரை வெளியே சொல்லக் கூடாது. வாயோ துறுதுறுத்தது. மேசைக்கடியில் இடது காலை நீட்டிவைத்துக் காத்திருந்தேன். மிதிக்க யாருமில்லை.