போறேன் என்றவர்

போன சனிக்கிழமை ஒரு மீன் ரோல்ஸோடு மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். மருத்துவ பீடம் எங்களைப் போன்ற பழைய டொக்டர்மாருக்கு நடத்தும் தொடர்கல்வி விரிவுரை. அன்றைக்குப் பொருள் உளமருத்துவம். இப்போது எல்லாம் இணையத்தில்தான். பெயரைப் பதிந்துவிட்டுக் கமராவை அணைத்தால் இடுப்பில் சாரத்தோடு இருந்தே கேட்கலாம். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது மட்டும் விரிவுரையாளர் வாயை அசைப்பார், குரல் கேட்காது. அன்றும் ரயில் போனது. அதன் இரைச்சல் அடங்கியபோது அந்த இளம் டொக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்: “சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். நோயாளியின் சொந்த மொழியில் கேளுங்கள்.” கடித்த ரோல்ஸைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் நான் இந்த விரிவுரைகளுக்குப் போனதே அங்கே கொடுக்கும் ரோல்ஸுக்காகத்தான். பயிற்சிக்காலம் முடிந்து மருதானைப் பக்கம் வேலை, தனிக்கட்டை, அறைச் சாப்பாடு. மாதத்தின் முதல் சனிக்கிழமை பின்னேரம் மருத்துவ பீடத்துக்குப் போனால் வயிறும் நிரம்பும், அறிவும் வளர்ந்ததாகக் கையெழுத்து வைக்கலாம். மண்டபத்துக்குப் பக்கத்தில்தான் பிணம் அறுத்துப் படிக்கும் கூடம். மீன் ரோல்ஸ் மணத்தையும் ஃபோமலின் மணத்தையும் ஒரே மூச்சில் இழுத்துப் பழகியவன் நான். இன்றைக்கும் ஒன்று மணத்தால் மற்றதும் கூடவே வந்துவிடுகிறது.

மண்டபம் படிப்படியாகக் கீழே இறங்கும். அடியில் ஒரு மேசை, இரண்டு கதிரைகள். ஒன்று பேராசிரியருக்கு, மற்றது நோயாளிக்கு. ஆமாம், அப்போதெல்லாம் உயிருள்ள ஒரு மனிதரை ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து அழைத்து வந்து, ஐம்பது டொக்டர்மாருக்கு முன்னால் இருத்திக் கேள்வி கேட்பார்கள். சம்மதம் வாங்குவார்கள்தான். ஆனால் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பேராசிரியர் நல்ல மனிதர், சிங்களவர், குரலை உயர்த்தவே மாட்டார். பாடம் ஆங்கிலத்தில். நோயாளி தமிழர் என்றால் மேலே பார்த்து, “தமிழ் யார்?” என்பார். வேறு தமிழ் டொக்டர்மாரும் இருந்தார்கள். முதலில் கையை உயர்த்துவது நான்தான். அந்தப் படிகளில் எல்லோரும் பார்க்க இறங்கிப் போவதில் ஒரு மிதப்பு. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு வெள்ளவத்தையில் பிறந்து, நான் கதைப்பதுதான் தமிழ் என்று நம்பித் திரிந்த வயது. நகரின் மறுகோடியிலுள்ள கொட்டாஞ்சேனைக்காரரின் தமிழைப் பேசிக்காட்டி நண்பர்களைச் சிரிக்க வைப்பதில் நான் கெட்டிக்காரன். அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு நல்ல மழை. பின்னேரம் மூன்று மணிக்கே விளக்குப் போட்டிருந்தார்கள். வந்தவர் கொட்டாஞ்சேனை, துறைமுகத்தில் கிளார்க். பெனடிக்ட் என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயரில்லை. ஐம்பது வயதிருக்கும். கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சேட், எண்ணெய் வைத்து வாரிய தலை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். மனைவி வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார். ஆறு கிழமை வாட்டில் இருந்து தேறிவிட்டார், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பலாமா என்பதுதான் கேள்வி.

பேராசிரியர் வகுப்பைப் பார்த்து, “இந்தக் கேள்வியைச் சுற்றி வளைக்கக் கூடாது” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, “சாக வேண்டும் என்று நினைக்கிறாரா, கேளுங்கள்” என்றார்.

நான் கேட்கவில்லை. என் தகப்பன் வயது மனிதரிடம், அத்தனை பேருக்கு முன்னால், அதை எப்படிக் கேட்பது? நாக்கு வளையவில்லை. “இப்ப மனசுக்கு ஏதும் கஷ்டமா இருக்கோ?” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “யாருக்குத்தான் இல்ல டொக்டர்” என்றார்.

நான் பேராசிரியரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: “இல்லை என்கிறார்.”

ஐம்பது பேனைகள் ‘வீட்டுக்கு அனுப்பலாம்’ என்று எழுதின. பெனடிக்ட் எழும்பினார். மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்தார். அவர் கை ஈரமாக இருந்தது. “நான் போறேன் டொக்டர்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்வோம். வெறுமனே ‘போறன்’ என்றால் அம்மா பதறிப்போய்த் திருப்பிச் சொல்ல வைப்பார். அந்தச் சுருக்கை நான் எப்படித் தட்டிவிட்டேன் தெரியுமா? கொட்டாஞ்சேனைக்காரர் இப்படித்தான் பேசுவார்களாக்கும் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

“என்ன சொல்கிறார்?” என்றார் பேராசிரியர்.

“போகிறாராம் சேர்.” ஆங்கிலத்தில்தான் சொன்னேன்; அந்த மொழியில் அது வெறும் போவதுதான்.

“போகட்டும், களைத்திருப்பார்.”

நான் அதைச் சிங்களத்தில் சொல்லியிருந்தால் பேராசிரியர் எழும்பி நின்றிருப்பார். அவர்களும் ‘கிஹில்லா என்னம்’ என்று, போய்விட்டு வருகிறேன் என்றுதானே விடைபெறுவார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்று, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழியில் காணாமல் போனது.

அவரை வாசல்வரை கூட்டிப் போனேன். வெளியே அவருடைய மனைவி குடையை விரித்துக்கொண்டு, “போயிட்டு வாறோம் டொக்டர்” என்றார். அவரும் கொட்டாஞ்சேனைதான். அதே தெரு, அதே தமிழ். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உள்ளே ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது, நான் திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பெனடிக்ட் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

அடுத்த மாத விரிவுரையின் தொடக்கத்தில் பேராசிரியர் அதை அறிவித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: “நாங்கள் நேராகத்தான் கேட்டோம். அவர் இல்லை என்றார். நேராகக் கேட்டாலும் சிலர் மறைப்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.” எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நானும் என் கொப்பியில் அழகாக எழுதினேன். அந்தப் பொய்ப் பாடம் அங்கிருந்து எத்தனை கிளினிக்குகளுக்குப் போனதோ.

அன்று முடிந்து வெளியே வந்தால் அதே வாங்கில் கறுப்புச் சேலையோடு அவர் மனைவி. எனக்காகத்தான் காத்திருந்தார்.

“அவரு கடைசியாத் தமிழ்ல மனம்விட்டுப் பேசினது ஒங்களோடதான் டொக்டர். வீட்டுக்கு வந்து ஒண்ணுமே பேசல்ல. அன்னைக்கு உள்ளுக்கு என்னா சொன்னாரு?”

“சுகமா இருக்கிறன் எண்டவர். போயிட்டு வாறேன் எண்டு சொன்னவர்” என்றேன்.

“அப்படியா சொன்னாரு?” என்று முகத்தைத் துடைத்தார். “அப்ப திரும்பி வாறதாத்தான் நெனச்சிருக்காரு. நான்தான் வீட்டுல எதையோ சொல்லிக் கெடுத்திட்டேன்.”

ஆறுதல் சொல்வதாக நினைத்து, பழியைத் தூக்கி அந்தப் பெண்ணின் தலையில் வைத்தேன். அதைத் திருத்த அந்த இடத்திலேயே வாய் திறந்திருக்கலாம். பயம் விடவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், மானம் போய்விடும் என்ற பயம். நான் ஒரு கோழை, வேறென்ன சொல்ல.

சில வருடம் கழித்துத் துணிந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர்கள் இருந்த வரிசை வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பூசைக்குப் போகும் கோயிலில் விசாரித்தேன். வீட்டைக் கொடுத்துவிட்டு அந்த அம்மா யாரோ உறவுக்காரரோடு போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்றார்கள். பேராசிரியரும் காலமாகிவிட்டார். படிகள் இறங்கும் அந்த மண்டபத்தையும் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். விரிவுரைக்கு நோயாளியை யாரும் கூட்டி வருவதில்லை, “தமிழ் யார்?” என்று கேட்கவும் ஆளில்லை. திரையில் கேள்வியைத் தமிழிலேயே எழுதிப் போடுகிறார்கள். நல்லதுதான்.

அந்த அம்மா உயிரோடு இருந்தால் எண்பது தாண்டியிருக்கும். எங்கேயோ ஓர் அறையில், தான் என்ன சொல்லிக் கெடுத்தோம் என்று இன்னமும் தேடிக்கொண்டிருப்பார். நீங்கள் ஒன்றும் சொல்லிக் கெடுக்கவில்லை, அம்மா. அவர் போறேன் என்றுதான் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது.