வெடிப்புக்குள் போட்டது

மகள் பிறந்து ஐந்தாம் மாதம் நடக்கும்போது, நல்ல கோடையில், அவளையும் அவள் அம்மாவையும் கழுகுமலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதால் அதுவரை நான் வாரத்துக்கு ஒருதரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற அப்பாவாகத்தான் இருந்தேன். அந்தக் குறையை ஒரே மூச்சில் தீர்த்துவிட வேண்டும் என்று எனக்கு வேகம். மனைவிக்கு ஆபரேஷன் ஆன வயிறு, குனிந்து நிமிர்ந்தால் வலி. "பிள்ளைக்கு வேண்டிய சாமானெல்லாம் இனி என் பொறுப்பு, நீ எதுக்கும் கவலைப்படாதே" என்று வந்த அன்றே அறிவித்தேன். எனக்கு எதையும் பேசாமல் செய்யத் தெரியாது. அறிவித்துவிட்டுத்தான் செய்வேன்.

கோவில்பட்டியில் இருசக்கர வண்டி ஷோரூமில் விற்பனைக்கு நிற்கிறவன் நான். இந்த வண்டிக்கும் அந்த வண்டிக்கும் என்ன வித்தியாசம் என்று நாள் முழுக்க ஒப்பிப்பதுதான் வேலை. அந்தப் புத்தியை வீட்டிலும் கழற்றி வைக்க முடியவில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. எந்தக் குழந்தை சோப்பும் நுரைக்காது, நுரைத்தால் போகாது. ஒவ்வொன்றையும் முதலில் என் முழங்கையில் தேய்த்துப் பார்த்து, அதற்கப்புறம்தான் பிள்ளைக்குப் போட விடுவேன். பவுடரை மோந்து பார்த்தே தள்ளிவிடுவேன். டயப்பர் விஷயத்தில்தான் நான் முழு விஞ்ஞானி ஆனேன். ஒட்டுகிற மாதிரி, ஜட்டி மாதிரி, யானைப் படம் போட்டது, பூப் போட்டது என்று வகைக்கொரு பாக்கெட் வாங்கி வந்து, அடுப்படி மேடையில் வரிசையாக விரித்து, நீலம் கலந்த தண்ணீரை டம்ளர் டம்ளராக ஊற்றிப் பார்த்தேன். எது எவ்வளவு குடிக்கிறது, எது ஓரத்தில் கசிகிறது என்று கையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தபோது மனைவி பின்னால் நின்று சிரித்தாள்.

"மைலேஜ் பாக்கீங்களா?"

"சிரி. நாளைக்குப் பிள்ளை நனையாம தூங்கும்போது தெரியும்."

ஷோரூமில் என்னைப் பற்றிப் பேச்சாகிவிட்டது. புதிதாக அப்பா ஆனவர்கள் டீ குடிக்கும்போது என்னிடம் யோசனை கேட்டார்கள். தெருவிலும் நல்ல பெயர். பிள்ளைக்குக் கால் கழுவிவிடுகிற ஆம்பளையை அங்கே பெண்கள் அதிகம் பார்த்ததில்லை போலும். "அவிய வீட்டுக்காரர் மாதிரி வருமா" என்று என் காதுபடவே சொன்னார்கள். நான் காதில் விழாத மாதிரி நின்று முழுவதையும் கேட்டுக்கொள்வேன்.

பிள்ளைக்குத் தொடையிடுக்கில் சிவந்து தடித்திருந்தது. வெயில் பாதி, டயப்பர் பாதி. ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உடனே வேறு வகை, அதற்கொரு களிம்பு, அதுவும் சரியில்லை என்றால் இன்னொன்று. இப்படி மாற்றி மாற்றிப் போட்டதில் வீட்டில் அழுக்கு டயப்பர் குவிந்தது. அதை எங்கே போடுவது என்று மட்டும் எந்தப் பாக்கெட்டிலும் நமக்கு ஆகிற மாதிரி எழுதியிருக்கவில்லை.

நாங்கள் இருப்பது பைபாஸுக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டைப் பிளாட் போட்டு விற்ற இடம். நகராட்சிக் குப்பை வண்டி வராது, பஞ்சாயத்து வண்டி எப்போதாவது வரும். தெருவே அவரவர் குப்பையைக் காலி மனையில் போட்டுக் கொளுத்துகிற தெரு. நானும் அப்படித்தான் கொளுத்தக் கொண்டு போனேன். துணைக்கு வந்து கொஞ்ச நாள் தங்கியிருந்த மாமியார் பதறிப்போய் ஓடி வந்தார்.

"பிள்ளைத் துணிய நெருப்புல போட்டுராதீய மாப்ள. பிள்ளைக்கு மேலு காந்தும்."

இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் பிள்ளை ஏற்கெனவே சிவந்து கிடக்கிறாள், ராத்திரியெல்லாம் அழுகிறாள். அந்த நேரத்தில் நம்பிக்கை இல்லை என்று காட்டுவதற்காகக் கொளுத்திப் பார்க்க எந்த அப்பனுக்கும் தைரியம் வராது. பையில் கட்டி வேலைக்குப் போகும் வழியில் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டேன். பக்கத்து டீக்கடைக்காரர் நாலு பேர் முன்னால், "அண்ணாச்சி, வீட்டுக் கழிசல எல்லாம் இங்கன கொண்டாந்து போடுதீங்களே, நான் கடை நடத்தண்டாமா?" என்று கேட்டுவிட்டார். முகம் சுண்டிப்போயிற்று. அதோடு அந்த வழியாகப் போவதையே விட்டேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை. தொட்டியில் போடுவதாகவே மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் தெருவுக்குக் கடைசி வீடு எங்களுடையது. அதற்கு அப்புறம் வேலி கிடையாது, காடுதான். பக்கத்து ஊரிலிருந்து ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மொபெட்டில் வந்து வெள்ளாமை பார்க்கிற நிலம். கோடையில் அது சும்மா கிடந்தது. கரிசல் காய்ந்தால் எப்படி வெடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழங்கை வரை கையை விடலாம். ஒருநாள் விடியற்காலையில், கையில் பையோடு அங்கே நின்றவன், சுருட்டிய டயப்பர் ஒன்றை ஒரு வெடிப்புக்குள் விட்டேன். தபால் பெட்டியில் போட்ட மாதிரி சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. குனிந்து பார்த்தேன். இருட்டு. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது. இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அந்தக் கோடை முழுக்க, ஆடிக் காற்று முடிகிற வரைக்கும், அதுதான் வழி. ஒரு வெடிப்பு நிறைந்தால் அடுத்தது. புரட்டாசியில் மழை விழுந்தது. மண் ஊறி, உப்பி, வெடிப்பெல்லாம் வாயை மூடிக்கொண்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி காடு கறுப்பாகப் பளபளவென்று கிடந்தது. பிள்ளைக்கும் அதற்குள் புண் ஆறியிருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

ஈரம் காய்ந்து பதம் வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகை டிராக்டர் உழ வந்தது. இரண்டு சால் ஓட்டியிருக்கும். டிராக்டர் நின்றது. அதையடுத்து அந்த அக்காவின் குரல். ஓலம் என்றுதான் சொல்ல வேண்டும். தெருவில் எல்லோரும் கேட்டுக்கு வந்துவிட்டோம். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கலப்பைக் கொழுவில் வெள்ளை வெள்ளையாகத் தொங்கியது. உழுத இடமெல்லாம் யானைப் படமும் பூப் படமும். கிழிந்ததிலிருந்து ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஏதோ வழிந்து கரிசலோடு குழைந்து கிடந்தது. நான் வாங்கிப் பரிசோதித்த வகை அத்தனையும் அங்கே இருந்தது. நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது என்று நான் தேர்ந்தெடுத்ததுதான் எல்லாவற்றிலும் பெரிதாக உப்பியிருந்தது.

அந்த அக்கா ஒன்றைக் குச்சியில் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். விசாரிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அந்த வரிசையில் கைப்பிள்ளை இருக்கிற வீடு எங்களுடையது மட்டும்தான். மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"பொதிஞ்ச மேனிக்கு வெளிய வந்து விழுது. பச்சப்பிள்ளையத்தான் எவளோ போட்டுட்டுப் போயிட்டாளோன்னு எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு. கையால பிரிச்சுப் பாக்கேன், பீத்துணி. ஏம்மா, பெத்த பிள்ளைத் துணிய அலசிப் போட கையி வலிக்குதோ ஒனக்கு? நாங்க சோறு திங்கிற காடு அது."

மனைவிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. குச்சியில் தொங்கியதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேசுவதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. "அவிய வீட்டுக்காரர் மாதிரி வருமா" என்று சொன்ன பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் மகளின் கழுத்தில் வேர்வையைத் துடைத்தேன். துடைக்கிற அளவுக்கு அங்கே வேர்வை இல்லை.

"தப்புத்தான்க்கா. நான் வந்து பெறக்கிருதேன்" என்றாள் மனைவி.

ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போனாள். ஈரக் கரிசல் செருப்பைப் பிடுங்கிக்கொள்ள, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். குனிய முடியாதவள் என்று நான் பெருமையாகப் பொறுப்பெடுத்துக்கொண்டேனே, அவள் அந்தக் காடு முழுக்கக் குனிந்து குனிந்து பொறுக்கினாள். டிராக்டர்காரர் நேரமாகுது என்று சத்தம் போட்டார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குத் துணி தோய்க்க எங்க ஒடம்பு வணங்குது" என்று என்னிடமே அனுதாபமாகச் சொன்னாள். நான் தலையை ஆட்டவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அவள் திரும்பி வந்து குளியலறையில் வெகுநேரம் காலைக் கழுவினாள். கரிசல் லேசில் விடாது.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள் உள்ளிருந்தபடியே.

"பிள்ளை கையில இருந்தா."

"பிள்ளை ஒங்க வாயவா பொத்திக்கிட்டு இருந்தா?"

சாயங்காலம் அவளே சொன்னாள்: "தெருவுக்கெல்லாம் போய்ச் சொல்ல வேண்டாம். அந்த அக்காட்ட மட்டும் போய் நான்தான் போட்டேன்னு சொல்லிட்டு வாங்க. அவுக பயந்தது பொய்யில்ல."

மறுநாள் காலையில் போனேன். அக்கா வரப்பில் உட்கார்ந்து விதைப் பாசிப்பயறைப் புடைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போயிருந்தேன். "அக்கா, நேத்து நடந்ததுக்கு மன்னிச்சுக்கிடுங்க" என்று ஆரம்பித்தேன். அதற்கு அடுத்த வாக்கியம்தான் "நான்தான் போட்டேன்." அதற்குள் அவர் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார்.

"நீங்க என்ன செய்வீங்க தம்பி? வீட்டுப் பொம்பளைக்குல்லா தெரியணும். ஆம்பளையா இருந்தும் இறங்கி வந்து கேக்கீங்க பாத்தீங்களா, அதுவே பெருசு."

அப்போதுகூட ஒரு வாக்கியம் போதும் என்று எனக்குத் தெரியும். மூன்று வார்த்தைகூட இல்லை. ஆனால் அந்த முகத்தில் என் மேல் வந்திருந்த மரியாதையைப் பார்த்ததும், நாளெல்லாம் ஷோரூமில் அளக்கிற வாய் அடைத்துக்கொண்டது. "இனிமே நடக்காதுக்கா" என்றேன். அது நடக்காதுதான். ஆனால் அது இல்லை நான் சொல்லப் போனது.

"சொல்லியாச்சா?" என்றாள் மனைவி.

"சொல்லியாச்சு."

அவள் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு லேசான நாட்கள் இல்லை. வீட்டில் துணிதான் கட்டினோம், வெளியே போகும்போது மட்டும் டயப்பர், அதைக் கட்டிவைத்துப் பஞ்சாயத்து வண்டி வருகிற அன்று நான் ஓடிப் போய்க் கொடுப்பேன். துணியை இரண்டு பேரும் மாறி மாறி அலசினோம். அவள் கொடியில் காயப்போட்டால், "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று எதிர்வீட்டில் பேச்சு. நான் காயப்போட்டால், "பாவம் மனுசன்" என்று பேச்சு. எனக்குத்தான் ஒருநாள் பொறுக்காமல், எதிர்வீட்டில் போய்ச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். கேட்டதே ஒரு நடிப்பு என்று இப்போது தோன்றுகிறது. வேண்டாம் என்பாள் என்று எனக்குத் தெரியும்.

"சொல்லுறவுக சொல்லட்டும்" என்றாள். "அந்த அக்காவுக்கு உண்மை தெரியும்லா. எனக்கு அது போதும்."

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன், தொடர்ந்து பிழிந்தேன்.

மார்கழியில் காடு பச்சைப்பசேல் என்று நின்றது. பயறு நன்றாகப் பிடித்திருந்தது. ஒருநாள் மத்தியானம் நான் உள்ளே பாயில் மகளுக்குத் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் அந்த அக்காவின் குரல் கேட்டது. மடி நிறையப் பச்சைப் பயத்தங்காய் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவியப் போட்டுப் பிள்ளைக்கும் மசித்துக் கொடு என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"அன்னைக்கு ஒன்னயப் போட்டு ஏசிட்டேன் தாயி. ஆத்திரத்துல வந்துட்டு. மனசுல வச்சுக்கிடாத. மறுநாளே ஒன் வீட்டுக்காரர் வந்து ஒனக்காக மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாரு. பொண்டாட்டி செஞ்சதுக்கு எந்த ஆம்பளை வருவான்? நல்ல மனுசனத்தான் கட்டியிருக்க."

நான் ஊக்கைக் கையில் பிடித்தபடி இருந்தேன். எழுந்து போக வேண்டும் என்று நினைத்தேன். ஊக்கைத்தான் மாட்டினேன்.

"ஆமாக்கா" என்றாள் மனைவி. "நல்ல மனுசர்தான்."

அந்தக் குரலில் கோபமோ கிண்டலோ இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு தேடினேன். இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை.

அவள் உள்ளே வந்து, என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் காயை உப்புப் போட்டு அவித்து, ஆவி பறக்க ஒரு தட்டில் என் முன்னாலும் கொண்டுவந்து வைத்தாள். நான் தின்றேன்.