கீழிருந்து மேலாகப் படிப்பவர்

போன வருடம் செப்டம்பர் ஒன்பதாம் தேதிக்குப் பிறகு நஸீபா எந்தத் திருத்தத்தையும் மேலிருந்து கீழாகப் படித்ததில்லை. கடைசி வரியில்தான் தொடங்குவார். கையில் ஒரு பழைய கல்யாண அழைப்பிதழ். அதைத் திரையின் மேல் வைத்து, படிக்கிற வரிக்கு மேலே உள்ளதையெல்லாம் மறைத்துக்கொள்வார். வரி முடிந்ததும் அட்டை கொஞ்சம் ஏறும். உதடு அசையும், சத்தம் வராது. மேலிருந்து படித்தால் அர்த்தம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், கண் தாவிவிடும் என்கிறார். பக்கத்தில் பால் விடாத கட்டன் சாயா ஆறிப்போயிருக்கும்.

வயது முப்பத்தெட்டு. தேங்காய்பட்டணத்தில் துறைமுகச் சாலையை ஒட்டிய வீட்டின் மாடியறை. பகலெல்லாம் திருவனந்தபுரத்து நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. மாலையில் தொடங்குவது இந்த இரண்டாவது வேலை. இதற்குச் சம்பளம் கிடையாது. கணவர் செய்யது அலி ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் வரும்போதெல்லாம் ஒரே கேலிதான்: "சும்மா செய்யுத ஜோலிக்கு இப்படி ஒரு கூலிக்காரியா!" நஸீபா அட்டையை நகர்த்தாமல் அவரைக் காத்திருக்கச் சொல்வார்.

மீன்பிடி வள்ளங்களில் வைக்கும் சிறிய பெட்டி ஒன்று இருக்கிறது. வள்ளம் எங்கே நிற்கிறது என்று அது கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நான்கு மணி நேரம் பெட்டி பேசவில்லை என்றால் கரையில் இருக்கிற வீட்டாரின் ஃபோனில் அலாரம் அடிக்கும். அந்த அலாரத்தை நடத்தும் மென்பொருள் இலவசம். அதன் நிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. உலகின் எந்த மூலையிலிருந்தும் யாரும் திருத்தம் அனுப்பலாம். யாராவது அதைப் படித்து, ஏற்கிறேன் என்று அழுத்தினால்தான் உள்ளே சேரும். அப்படி அழுத்தும் உரிமை இரண்டு பேருக்கு. ஒருவர் லிஸ்பனில் இருக்கிறார். இன்னொருவர் நஸீபா.

வருவதில் முக்கால்வாசி எழுத்துப்பிழைத் திருத்தங்கள். நிரலுக்கு நடுவே, அடுத்து வருகிறவருக்குப் புரியட்டும் என்று எழுதிவைத்திருக்கும் ஆங்கிலக் குறிப்புகளில் உள்ள பிழைகள். கணினி அந்தக் குறிப்புகளைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். வேலை தேடும் மாணவர்கள் தாங்களும் பங்களித்ததாகக் காட்ட இதைத்தான் பிடிப்பார்கள். ஆகவே திருத்தங்களைச் சரிபார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. எழுத்துப்பிழை என்று தலைப்பு இருந்தால் சரசரவென்று தள்ளிப் பார்த்துவிட்டு ஏற்றுவிடுவார்கள். கணினியே படிக்காத இடத்தில் என்ன கெட்டுவிடப் போகிறது?

நஸீபாவிடம் இப்போது அந்த வேகம் இல்லை. ஐம்பது வரிக்கு மேல் அனுப்பினால் பிரித்து அனுப்பச் சொல்லித் திருப்பிவிடுகிறார். ஒரே ஒரு எழுத்தானாலும் சுற்றியுள்ள பக்கம் முழுவதையும் படிக்கிறார். அனுப்பியவர்கள் பொறுமை இழக்கிறார்கள். "நான் இதை அனுப்பும்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போது கல்யாணமே முடிந்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைச் சிரிக்காமல் படித்துக் காட்டினார் நஸீபா. புதுமாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லிப் பதில் போட்டதாகவும், பிறகு மூன்று இடத்தில் சந்தேகம் கேட்டதாகவும் சொன்னார்.

போன வருடம் ஆகஸ்டில் ஒரு கல்லூரி மாணவன் முன்னூறு வரிக்கு மேல் பிழை திருத்தி அனுப்பினான். நல்ல உழைப்பு. திருத்திக்கொண்டே வந்தவன், ஓரிடத்தில் குறிப்பு ஒன்று பாதியில் முறிந்து நிற்பதாக நினைத்து, அடுத்த வரியை மேலே ஏற்றி அதன் வாலில் ஒட்டிவிட்டான். ஒட்டிய வரி குறிப்பு அல்ல, நிரல். கரையைக் கூப்பிடு என்று கணினிக்குச் சொல்லும் வரி. குறிப்போடு சேர்ந்துவிட்டதால் அதையும் கணினி தாண்டிப் போகத் தொடங்கியது. மற்ற எல்லாம் வழக்கம்போல ஓடின.

அந்தத் திருத்தம் வந்த அன்று நஸீபா சமையலறையில் சாளை கழுவிக்கொண்டிருந்தார். ஃபோன் மணியடித்தது. கையைத் துடைத்தார், எழுத்துப்பிழை என்ற தலைப்பைப் பார்த்தார், முதல் பக்கத்தைத் தள்ளினார், அழுத்தினார். மறுபடி மீனுக்குப் போனார்.

"பைசா இல்லாத ஜோலிதானே, பாதிக் கண்ணு போதும்னு வச்சிருந்தேன்" என்கிறார். "அதுதான் நான் செஞ்சது. வேற ஒண்ணும் இல்ல."

பக்கத்து மீனவ ஊரான இனயத்தில் பெட்டி வருவதற்கு முன்பு ஒரு வழக்கம் இருந்தது. மாலையானால் கரையில் ஒருவர் ஒயர்லெஸை எடுத்து, அன்று போன வள்ளங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் அப்போதே இரண்டு வள்ளம் தேடிப் புறப்படும். பெட்டி வந்த பிறகு அந்த வழக்கம் தானாக நின்றுபோனது. பேசாத வள்ளத்துக்கு அலாரம் இருக்கிறதே.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி இனயத்து மீனவர் ரசலையனின் மூத்த மகன் ஷிபின், ஒரு கூட்டாளியோடு கடலுக்குப் போனான். இன்ஜின் நின்றது. பேட்டரியில் தண்ணீர் ஏறிப் பெட்டியும் நின்றது. மாலையில் ரசலையன் ஃபோனைப் பார்த்தார். சத்தம் இல்லை. "அடிக்கல்லல்லா, அப்பம் பயலுவ வலையப் போட்டுட்டு அங்கேயே கெடக்கானுவன்னு நினைச்சோம்" என்கிறார் ரசலையன். "கெடந்து உறங்கிட்டோம்." மறுநாள் மதியம்தான் தேடப் போனார்கள். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கூட்டாளி மிதந்தான். ஷிபின் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

தேடுதல் ஓய்ந்த அன்று நஸீபா உட்கார்ந்து அந்த வரியைக் கண்டுபிடித்தார், சரிசெய்தார். என்ன நடந்தது என்று தன் பெயரைப் போட்டுப் பொதுப் பக்கத்தில் எழுதினார். மாணவனின் பெயரை எழுதவில்லை. படிக்க வேண்டியது தன் வேலை, அவன் வேலை அல்ல என்கிறார். பிறகு பர்தாவை மாட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து இனயம் போய், ரசலையனிடம் நேரில் சொன்னார். ரசலையன் கேட்டது ஒரே கேள்வி, வாசிக்காமலா அழுத்தினாய் என்று. ஆமாம் என்றார் நஸீபா.

அந்த வாரமே இனயத்து வள்ளங்களின் பெட்டிகள் ஒரு அரிசிச் சாக்கில் அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. ஒயர்லெஸ் கூப்பாடு திரும்பத் தொடங்கியது. ஆனால் மீன் விலகிப் போய்விட்டது. ஒயர்லெஸ் எட்டாத தூரத்துக்கு இப்போது வள்ளங்கள் போகின்றன.

ஷிபினின் தம்பி அபினை, அண்ணனின் முதலாண்டு நினைவுப் பூசை முடியும்வரை வீட்டில் கடலுக்கு விடவில்லை. பூசை போன வாரம் முடிந்தது. அபின் புது வள்ளத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் நஸீபா சாக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் துடைத்து, பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

ரசலையன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "கொண்டு போ மோளே" என்றார். நஸீபா போகவில்லை. இப்போது ஒவ்வொரு வரியையும் எப்படிப் படிக்கிறார், எத்தனை முறை சோதிக்கிறார் என்று நின்றபடியே சொன்னார். ரசலையனின் ஊசி நிற்காமல் ஓடியது.

அவர் மனைவி நேசம்மாள் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வந்து பெட்டியை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இருக்கட்டு. ஆனா நீ இனி இதுல கை வைக்கப்பிடாது."

"நான் இப்பம் நல்லாப் பாக்கேன் அக்கா. என்னய மாதிரி வேற ஆரும் பாக்க மாட்டாவ."

"அது உள்ளதுதான். எனக்கும் தெரியும்" என்றார் நேசம்மாள். "ஆனா எனக்க பயலுக்க வள்ளத்துல உனக்க கை வேண்டாம்."

லிஸ்பன்காரரால் வாரத்துக்கு ஒரு நாள்தான் உட்கார முடியும், அவரும் எல்லோரையும் போலத் தள்ளிப் பார்த்துப் படிக்கிறவர்தான். இதை நஸீபா அங்கே சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொன்னார்.

மாடியறைக்கு வந்ததும் பர்தாவைக் கழற்றாமலே உட்கார்ந்தார். ஏற்கும் உரிமை உள்ளவர்களின் பக்கத்தைத் திறந்தார். இரண்டு பெயர். தன் பெயருக்கு எதிரே நீக்கு என்பதை அழுத்தினார். நிச்சயம்தானா என்று கணினி கேட்டது. அந்தக் கேள்வியை உதடு அசைய முழுவதும் படித்துவிட்டு, மறுபடி அழுத்தினார். பக்கத்தில் லிஸ்பன்காரரின் பெயர் மட்டும் மிஞ்சியது.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் அபின் கடலுக்குப் போகிறான். பெட்டி வள்ளத்தில் இருக்கிறது.